எழுத்து வடிவில் ஓட்டை போட்ட அஞ்சல் தலைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அஞ்சல் தலைகளைப் பிரிக்கும்போது, நடுவில் பொடிப்பொடியாக ஓட்டைகள் உள்ள ஒன்றிரண்டு கண்ணில் படும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த ஓட்டைகள் எழுத்துகளாகத் தெரியும். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் வரும் முதலெழுத்துகள் அவை. சேகரிப்பவர்கள் இதைப் பெர்ஃபின் என்பார்கள்.

அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கும் ஸ்டாம்புகளை யாரும் எடுத்துப்போய்ச் சொந்தக் கடிதத்துக்கு ஒட்டவோ வெளியில் விற்கவோ கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. லண்டனில் ஜோசஃப் ஸ்லோப்பர் என்பவர் இதற்கான எந்திரத்தைச் செய்தார். இப்படித் துளையிட பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1868-இல் அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் 1908-இல்தான் அனுமதி கிடைத்தது.

முதல் தவறு, இவற்றைச் சேதமான தலைகள் என்று ஒதுக்குவது. அனுபவமுள்ள சேகரிப்பாளர்களே நெடுங்காலம் அப்படித்தான் செய்தார்கள். 1943-இல் அமெரிக்காவில் பெர்ஃபின் சேகரிப்பவர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது. ஆனாலும் கலவையாக விற்கும் கட்டுகளில் இவை இன்றும் கழிவோடு கழிவாகக் கிடக்கின்றன.

இதைவிடப் பெரிய தவறு தண்ணீரில் ஊறவைப்பது. இதை நானே செய்திருக்கிறேன். ஒருமுறை பழைய வணிக உறைகள் ஒரு கட்டு கைக்கு வந்தது. வழக்கம்போல மூலையை வெட்டி, ஊறவைத்து, தலைகளை உரித்து, காயவைத்து ஆல்பத்தில் சேர்த்துவிட்டேன். உறைகள் குப்பைக்குப் போயின. தலைகளில் ஒன்றில் 'பி சி' என்று ஓட்டை இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். உறையின் இடது மூலையில் அனுப்பிய நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தது நினைவில் இருக்கிறது. என்ன பெயர் என்பது நினைவில் இல்லை. அந்தத் தலை இன்னும் என்னிடம் இருக்கிறது, பெயர் தெரியாமல்.

ஏன் இது அவ்வளவு முக்கியம்? ஒரே இரண்டு எழுத்தைப் பல நிறுவனங்கள் பயன்படுத்தியிருக்கும். எழுத்தை மட்டும் வைத்து, அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்த ஏதோ ஒரு கம்பெனியின் பெயரை எழுதிவிடுவது வெறும் ஊகம். ஓட்டையும் நிறுவனத்தின் பெயரும் ஒரே உறையில் சேர்ந்திருந்தால்தான் அது சான்று. அதனால் முழு உறையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். உறை இல்லையென்றால் அடுத்த துணை தபால் முத்திரை. ஊர்ப் பெயர் தெரிந்தால், அந்த ஊரில் இருந்த நிறுவனங்களோடு தேடல் சுருங்கிவிடும். தேதி தெரிந்தால் அந்த அச்சு, அதாவது ஓட்டை போடும் ஊசிகளின் அமைப்பு, புழக்கத்தில் இருந்த காலமும் தெரியும். மற்ற சேகரிப்பில் முத்திரை லேசாக விழுந்த அழகான தலையைத்தான் தேர்ந்தெடுப்போம். இங்கே அது தலைகீழ். முத்திரை அழுத்தமாக, படிக்கும்படி விழுந்த தலைதான் நல்ல தலை.

அடுத்தது, முன்பக்கம் பார்த்ததும் தெரிவதுதான் எழுத்து என்று முடிவுகட்டுவது. துளையிடும்போது அஞ்சல் தலைகள் உள்ள முழுத் தாளை முகம் மேலாகவும் வைத்திருக்கலாம், கவிழ்த்தும் வைத்திருக்கலாம். மடித்துப் போட்டால் ஒரே தாளில் பாதித் தலைகள் நேராகவும் பாதி கண்ணாடிப் பிம்பமாகவும் வரும். தலைகீழ், பக்கவாட்டு எல்லாம் சேர்த்தால் ஒரு வடிவத்துக்கு எட்டு நிலைகள் உண்டு. ஆங்கில எழுத்துகளில் 'ஏ எம்' என்பதைப் பின்பக்கமிருந்து பார்த்தால் 'எம் ஏ' என்று கச்சிதமாகப் படிக்கும். 'டபிள்யூ ஹெச்' தலைகீழானால் 'ஹெச் எம்' ஆகிவிடும். எது சரி என்று ஒற்றைத் தலையை வைத்துச் சொல்ல முடியாது. பெர்ஃபின் வடிவங்களைப் பட்டியலிடும் கேட்டலாகில் இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். எந்த நிலையில் துளை விழுந்திருக்கிறது என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

எந்திரத்தின் ஊசி முறிந்துபோவது சாதாரணம். அப்போது 'ஆர்' கால் இழந்து 'பி' போலத் தெரியும், 'ஜி' 'சி' ஆகும், 'ஈ' 'எஃப்' ஆகும். தலையைக் கவிழ்த்து, சாய்வான வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசி மழுங்கியிருந்தால் ஓட்டை விழாத இடத்தில் சின்னப் பள்ளமாவது இருக்கும். இப்படிக் குறையுள்ள தலைகளை வீசிவிட வேண்டாம். முத்திரையில் தேதியும் இருந்தால், ஊசி எப்போது போனது என்பதே அவற்றிலிருந்துதான் தெரியவரும்.

எழுத்து ஒன்றாக இருந்தால் அச்சும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. ஒவ்வொரு எழுத்திலும் எத்தனை ஓட்டை, எழுத்தின் உயரம் எத்தனை மில்லிமீட்டர், நடுவில் புள்ளி உண்டா, இவ்வளவும் ஒத்துப்போக வேண்டும். ஏற்கெனவே தன்னிடம் இருப்பதுதான் என்று நினைத்து வேறு அச்சுள்ள தலையைக் கொடுத்துவிட்டு வருந்துகிறவர்கள் நிறையப் பேர்.

ஓட்டை எல்லாம் நிறுவனத்தின் ஓட்டையும் அல்ல. ஆஸ்திரேலியாவின் 'ஓ எஸ்', கனடாவின் 'ஓ ஹெச் எம் எஸ்' அரசுத் துறைகளுக்கானவை. 'ஸ்பெசிமன்' என்று முழுச் சொல்லாகத் துளையிட்டிருந்தால் அது மாதிரித் தலை. ஸ்பெயின் தலைகளில் பெரிய வட்ட ஓட்டை ஒன்று மட்டும் இருந்தால், அது தந்திக்குப் பயன்பட்டது.

அந்த அரசு எழுத்துகளில் போலிகளும் உண்டு. உண்மையான எந்திரம் காகிதத்தை வட்டமாக வெட்டி வெளியே தள்ளிவிடும், ஓரம் சுத்தமாக இருக்கும். தையல் ஊசியால் குத்தினால் காகிதம் வெளியே போகாது. மறுபக்கம் பிதுங்கி நிற்கும், விரல் நுனியில் தட்டுப்படும். தபால் முத்திரையின் மை ஓட்டைக்குள் இறங்கி, பின்பக்கமோ அடியிலுள்ள உறையிலோ புள்ளியாகப் படிந்திருந்தால், முத்திரை குத்துவதற்கு முன்பே ஓட்டை இருந்தது என்று நம்பலாம்.

ஆல்பத்தில் ஒட்டும்போது ஹிஞ்சை (தலையை ஆல்பத்தில் பொருத்தும் சின்னப் பசைத் தாளை) ஓட்டைகளின் மேல் ஒட்டாதீர்கள், விளிம்போரமாக ஒட்டுங்கள். கறுப்புத் தாளின் மேல் கவிழ்த்து வைத்து ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால், ஓட்டைகளை எண்ணுவதற்காக ஒவ்வொரு முறையும் தலையை வெளியே எடுக்க வேண்டியிருக்காது.