எந்தத் தாது வருஷம்? குடும்ப வரலாற்றுக் கட்டுரைகளில் நேரும் தவறுகள்

தென்மாவட்ட வரலாற்றுக்கென வெளிவரும் ஒரு காலாண்டிதழுக்கு வந்து சேரும் குடும்ப வரலாற்றுக் கட்டுரைகளைப் படித்துச் செப்பனிடும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், வெளியூரில் வேலை பார்ப்பவர்களும், பாட்டி சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தவிக்கும் பேத்திகளும் எழுதி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றிலும் உழைப்பு தெரிகிறது. ஆனாலும் பாதிக்குமேல் அச்சுக்குப் போகாமல் திரும்பிவிடுகின்றன. அதற்கு நடையோ எழுத்துப்பிழையோ காரணமாவது அரிது. எழுதியவருக்கு அந்தச் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்பது கட்டுரையில் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். பத்திரத்தில் கண்டதா, அத்தை சொன்னதா, தாமே ஊகித்ததா என்று பிரித்துச் சொல்லாத வரியைப் பின்னால் வருகிறவர் நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

தவறுகளில் மிகுதியாக வருவது ஆண்டைப் பற்றியது. ஒரு கட்டுரையில், கொள்ளுத்தாத்தா தாது வருஷம் ஆனி மாதம் இரண்டு ஏக்கர் நஞ்சையைக் கிரயம் வாங்கினார் என்றும், அது 1876 என்றும் இருந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிராமத்தில் சொல்வார்கள்; கட்டுரையாளரும் அதை நினைவில் வைத்து, ஊரே வாடிய காலத்திலும் தம் குடும்பம் நிலம் வாங்கும் நிலையில் இருந்ததாக இரண்டு பத்தி எழுதியிருந்தார். நானும் அதை ஐயுறாமல் திருத்தி அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்க்கும்போதுதான், பக்கத்தில் போடுவதற்காக அவர் அனுப்பியிருந்த பத்திர நகல் கண்ணில் பட்டது. முத்திரைத்தாளின் தலையில் இருந்தவர் ஐந்தாம் ஜார்ஜ். அவர் முடிசூடியிருந்தது 1910 முதல் 1936 வரை. 1876-இல் அந்த இடத்தில் விக்டோரியா அல்லவா இருந்திருக்க வேண்டும்? அது அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்த அடுத்த சுற்றுத் தாது வருஷம், அதாவது 1936. அறுபது ஆண்டுப் பிழையால், தம் சேமிப்பில் நிலம் வாங்கிய ஒரு விவசாயி, பஞ்சத்தில் அடுத்தவர் விற்ற நிலத்தை வாங்கியவராகி அச்சேற இருந்தார்.

அறுபது வருஷச் சுற்றில் முதலாவதான பிரபவ வருஷம் 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. எந்த வருஷப் பெயரையும் இதிலிருந்து எண்ணி எடுத்துவிடலாம். ஆனால் எந்தச் சுற்று என்பதைப் பெயர் மட்டும் சொல்லாது. அதைச் சொல்லப் பத்திரத்திலேயே வேறொரு சான்று வேண்டும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதி ஓலைகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். ஆங்கில ஆண்டைப் பெற, ஆவணி முதல் மார்கழி நடுவரை அதனோடு 824-ஐயும், பிறகு 825-ஐயும் கூட்ட வேண்டும். தீர்வை ரசீதிலும் கிராமக் கணக்கிலும் இருப்பது பசலி என்ற நிலவரிக் கணக்கு ஆண்டு. ஜூலை 1 அன்று தொடங்கும் அந்த ஆண்டோடு டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் 591 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1320 என்றிருந்த ரசீதை எழுநூறு ஆண்டுப் பழமையானது என்று எண்ணிப் பூசையறையில் வைத்திருந்த ஒரு வீட்டை நான் அறிவேன். அது 1910-11-ஆம் ஆண்டின் தீர்வை ரசீது. அதுவும் பாதுகாக்க வேண்டிய தாள்தான், ஆனால் அதன் வயதைக் கூட்டிச் சொல்லக் கூடாது.

ஆண்டுக்கு அடுத்தபடி எழுத்து. ஓலையிலும் பழைய தாளிலும் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே 'பேரன்' என்பதும் 'போன' என்பதும் ஓலையில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும்: ஒரு கொம்பு, ஒரு பகரம், கால் போன்ற ஒரு கோடு, ஒரு னகரம். இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு சொல்லை இப்படி வாசித்து, அதன்மேல் இல்லாத பேரன் ஒருவரைப் படைத்து, அவர் வழியில் ஒரு கிளையையே வரைந்து அனுப்பியவர்கள் உண்டு. எண்களிலும் இதே தொல்லை. ௧ ககரம் போலவும், ௨ உகரம் போலவும், ௭ எகரம் போலவும், ௮ அகரம் போலவும் தோன்றும். ௲௮௱௭௰௬ என்று கண்டால் அது 1876. ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி என்பதை அறியாதவர்கள் அவற்றைப் பெயரின் பகுதியாகவே சேர்த்து வாசித்துவிடுகிறார்கள். வாசிக்க முடியாத இடத்தில் புள்ளிகள் இட்டு விட்டுவிடுங்கள். இரண்டு விதமாக வாசிக்க இடமிருந்தால் இரண்டையும் தாருங்கள். அதனால் கட்டுரைக்கு ஒரு குறையும் வராது.

பேரன் என்ற சொல்லே தாத்தாவின் பேரைத் தாங்குபவன் என்ற பொருளில் வந்தது. மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயரை இடும் குடும்பங்களில் இரண்டே பெயர்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆறு தலைமுறைக்கு வந்துகொண்டிருக்கும். அங்கே தாத்தாவின் வழக்கும் பேரனின் வழக்கும் ஒருவர் தலையில் விழுந்து, தொண்ணூறு வயதில் மனைக்கட்டு வாங்கியவர் ஒருவர் தோன்றிவிடுகிறார். இன்னார் குமாரர் என்று தகப்பன் பெயரைச் சேர்த்தாலும் இங்கே தீராது, ஏனெனில் தாத்தாவின் தகப்பன் பெயரும் பேரனின் தகப்பன் பெயரும் ஒன்றாகவே இருக்கும். மனைவி பெயர், நிலத்தின் சர்வே எண், கையெழுத்தா கைநாட்டா என்பது ஆகியவற்றை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும்.

உறவுச் சொற்களை அப்படியே எழுதி அனுப்புவதும் படிப்பவரைத் திணற வைக்கிறது. கொங்கில் அப்புச்சி என்றால் தாயைப் பெற்றவர். செட்டிநாட்டில் அப்பச்சி என்றால் தகப்பனார். ஐயா என்பது ஒரு வீட்டில் தந்தை, இன்னொரு வீட்டில் தாத்தா. அண்ணன் என்று சொல்லப்படுபவர் உடன்பிறந்தவராகவும் இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். பேட்டி காணும்போதே, 'அவர் உங்கள் அப்பாவுக்கு என்ன வேண்டும்?' என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். சொன்னவர் யார், அப்போது அவருக்கு என்ன வயது, எந்த நாளில் எந்த ஊரில் வைத்துச் சொன்னார் என்பவையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்கும்போது வயது பொருந்துவதற்காக வாத்தியாரே ஒரு தேதியை இட்டுக்கொள்வது ஒரு தலைமுறை முழுவதும் நடந்திருக்கிறது.

இடப்பெயரில் ஒரு எச்சரிக்கை. 1890-இல் திருநெல்வேலி ஜில்லா என்றும், 1920-இல் இராமநாதபுரம் ஜில்லா என்றும், இன்று விருதுநகர் மாவட்டம் என்றும் ஆவணங்களில் காணும் குடும்பம் இரண்டு முறை குடிபெயர்ந்ததாக எழுதி வந்தது. அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரை விட்டு ஓரடி நகரவில்லை. இராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் உருவானபோது அந்த வட்டம் அதனோடு சேர்ந்தது, 1985-இல் விருதுநகரோடு பிரிந்தது. அவ்வளவுதான்.

பெருமைக்காகச் சேர்ப்பவற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இராசராச சோழனின் படைத்தலைவர் வழியில் பத்தாம் தலைமுறை என்று வருகிறது. தலைமுறைக்கு முப்பது ஆண்டு வைத்தாலும் பத்துத் தலைமுறை முந்நூறு ஆண்டுதான். 985-இல் அரியணை ஏறியவரை எட்ட அதைப்போல மூன்று மடங்குக்குமேல் வேண்டும். பாளையக்காரர்களின் வம்சாவளிகளைக் கிழக்கிந்தியக் கும்பினியின் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் நிறையக் காணலாம். அவற்றில் பல, கும்பினி அதிகாரிகள் முன்பு தம் உரிமையை நிலைநாட்டும் நோக்கத்தோடு எழுதப்பட்டவை. அதனால் அவை பயனற்றவை ஆகா, ஆனால் யாரிடம் எதைக் கேட்டு எழுதப்பட்டவை என்பதோடு சேர்த்துத்தான் மேற்கோள் காட்ட வேண்டும். மூன்று அண்ணன் தம்பிகள் இரவோடிரவாகப் புறப்பட்டு, ஆற்றைக் கடந்து, குலதெய்வக் கோயிலின் பிடிமண்ணோடு வந்து சேர்ந்தார்கள் என்ற கதை எத்தனையோ குடும்பங்களில் உண்டு. அதை நீக்கச் சொல்ல மாட்டேன். சொன்னவர் வாயில் வந்தபடியே, கதை என்ற தலைப்பில் தாருங்கள். அதற்கு ஆண்டு போடாதீர்கள்.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது வேறொன்று. ஆறு தலைமுறை ஆண்களின் பெயர் வரிசையாக இருக்கும். பெண்கள் இருக்கும் இடத்தில் 'மனைவி' என்று மட்டும் இருக்கும். ஏடுகள் அப்படித்தான் இருந்தன என்பது பாதி உண்மை. இனாம் நிலங்களின் உரிமையை விசாரிக்க 1858-இல் தொடங்கிய இனாம் கமிஷனின் பதிவேடுகளில் கைம்பெண்களின் பெயர்கள் உள்ளன. திருமணப் பத்திரிகைகள், கருமாதி அழைப்புகள், மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகள், மொய் நோட்டுகள் ஆகியவற்றைத் தேடுபவருக்குத் தாய்வழி ஊர் ஒன்றாவது கிடைக்கும். அத்தை மகள், மாமன் மகள் என்று மணம் முடித்த குடும்பங்களில் பெண்ணின் பெயரை விட்டுவிட்டால் ஆணின் வழியும் சரிவரப் புரியாது, ஏனெனில் ஒரே ஆள் மரத்தில் இரண்டு இடத்தில் நிற்பார். இதைப்போலவே, வீட்டார் அனைவரும் 'அவர்கள்', பண்ணையாள் மட்டும் 'அவன்' என்று எழுதி வரும் கட்டுரைகளை நான் அப்படியே விடுவதில்லை. நெல் அளந்த கணக்கில் அந்த மனிதரின் பெயர் பல ஆண்டுகளாக எழுதப்பட்டிருக்கும்போது, கட்டுரையில் அவருக்குப் பெயரும் மரியாதையும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் பிறந்த தேதி, இரண்டாம் மணம், சுவீகாரம், நோய் ஆகியவற்றை அச்சிடக் கூடாது. பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் நிலத்தின் சர்வே எண்ணை விட்டுவிடுவது நல்லது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், இறந்துபோனவர் ஒருவர் தகராறு எழுவதற்கு முன் குடும்ப உறவைப் பற்றிச் சொல்லிவைத்ததைச் சாட்சியமாக ஏற்க இடம் தந்தது. ஆகவே இதழில் வரும் கொடிவழி நீதிமன்றம் வரை போகக்கூடியது என்ற நினைவோடு எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று, பத்திரங்களை நகலெடுக்கும்போது முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன தாது வருஷப் பத்திரத்துக்கும் முன்பக்க நகல்தான் வந்தது. அந்தக் கட்டுரையாளரை ஊருக்குத் திரும்பிப் போய்த் தாளைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பின்பக்கத்தில் முத்திரைத்தாள் விற்றவர் தம் கையால் 1936 ஜூன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சார்பதிவாளரின் குறிப்பும், நிலத்தை எழுதிக்கொடுத்தவரின் இடது பெருவிரல் ரேகையும், அடையாளங்காட்டிய சாட்சிகள் இருவரின் கையெழுத்தும் இருந்தன. சாட்சிகளில் ஒருவர், வாங்கியவரின் மைத்துனர் என்று ஊரும் தகப்பன் பெயரும் சேர்த்துக் குறிக்கப்பட்டிருந்தார். கட்டுரையாளரின் கொள்ளுப்பாட்டி எந்த ஊரில் யாருக்குப் பிறந்தவர் என்பது அந்த ஒரு வரியில் கிடைத்தது. அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.