ஔவை, ஃப்ளூரைடு, வாச்சாத்தி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரிப் பக்கம் ‘எங்கள் மாவட்டம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் முதல் பத்தியிலேயே நெல்லிக்கனி வந்துவிடும். தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான் கொடுத்தான், ஔவையார் வாங்கிக்கொண்டார். அடுத்த வரியில், ‘அந்த ஔவையார்தான் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடினார்’ என்று இருக்கும். நெல்லிக்கனி வாங்கிய ஔவை சங்க காலத்தவர். ஆத்திசூடி பாடியவர் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். பெயர் ஒன்று, ஆள் வேறு. எடுத்துச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்கிற விஷயம்தான் இது. ஆனால் இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பாட்டை விட்டுவிட்டு, பாட்டைப் பற்றிய கதையைப் படிப்பதால் வருகிறது. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் நம் பிள்ளைகள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் இதுவேதான். பார்க்க வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதைப் பார்க்காமலே பதிலை எழுதி முடித்திருப்பார்கள்.

நெல்லிக்கனிப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூறு 91. மொத்தம் 11 வரி. கைடில் இருக்கிற பொழிப்புரை கிட்டத்தட்ட அதே நீளம் இருக்கும், அதனால் மூலத்தைப் படிக்க நேரமில்லை என்று சொல்ல வழியில்லை. பாட்டில் கதை குறைவு, வாழ்த்துதான் அதிகம். ‘நீலமணி மிடற்று ஒருவன் போல மன்னுக பெரும நீயே’ என்கிறார் ஔவை. நஞ்சு உண்டும் சாகாத சிவனைப் போல நீ நிலைத்திரு என்று பொருள். இங்கே ஏன் சிவன் வருகிறார்? தேர்வில் இதைக் கேட்டால் ‘உவமை அணி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சாவை நீக்கும் கனியை அதியமான் தான் உண்ணாமல் கொடுத்துவிட்டான். ஆகவே அவன் சாகாமல் இருக்க வேண்டுமென்றால், சாவதற்குரியதை உண்டும் சாகாத ஒருவரைத்தான் உவமையாகச் சொல்ல முடியும். இந்தக் கணக்கு பிடிபட்டால் பாட்டு மறக்காது. அப்புறம், ‘ஆதல் நின்னகத்து அடக்கி’ என்று ஒரு வரி வருகிறது. கனியின் பயனை அவன் சொல்லவில்லை, மனசுக்குள் வைத்துக்கொண்டு கொடுத்தான். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருக்க மாட்டார் என்று நாம் ஊகிக்கலாம். ஆனால் அது நம் ஊகம், பாட்டில் இல்லை. மலையின் பெயரும் பாட்டில் இல்லை. ‘பெருமலை விடரகத்து’ என்பதோடு சரி. பாட்டில் இருப்பது எது, பின்னால் வந்த கதையில் இருப்பது எது, நாம் சேர்த்தது எது என்று மூன்றையும் பிரித்து எழுதப் பழகினால் இலக்கியக் கட்டுரையில் பாதித் தவறு தானாகக் குறையும்.

திணை, துறையையும் இதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உருப்போடுகிறோம். ‘வெட்சி நிரை கவர்தல், மீட்டல் கரந்தையாம்’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நிரை என்றால் மாட்டு மந்தை. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதிச் செத்தவனுக்கு நட்ட கல் இந்த இரண்டு மாவட்டங்களிலும் வயலோரம், ஏரிக்கரை, கோயில் வாசல் என்று நின்றுகொண்டிருக்கிறது. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலும் நடுகற்களை வைத்திருக்கிறார்கள். கரந்தைத் திணையை ஊர் வயலோரத்தில் ஒரு கல்லின் முன்னால் நின்று படிக்கிற வசதி சென்னை மாணவனுக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. நமக்கு இருந்தும் போவதில்லை.

காலத்தைக் குழப்புவது

இப்போது புதிதாக ஒரு தவறு பரவுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. நமக்குப் பெருமைதான், சந்தேகமில்லை. உடனே கட்டுரைகளில் ‘அதியமான் காலத்து இரும்பு மயிலாடும்பாறையில் கிடைத்துள்ளது’ என்று வர ஆரம்பித்துவிட்டது. அதியமானுக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் ஏறக்குறைய 2,000 ஆண்டு இடைவெளி இருக்கிறது. அதியமானுக்கும் நமக்கும் எவ்வளவு தூரமோ, அந்த இரும்புக்கும் அதியமானுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்.

எந்தப் பொருளின் வயதைக் கணித்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். கார்பன் முறையில் பொதுவாகக் கரி போன்ற உயிர்ப்பொருளைத்தான் அளப்பார்கள். இரும்போடு அதே மண்ணடுக்கில் கிடந்த கரியின் வயதை வைத்து இரும்பின் வயதைச் சொல்கிறார்கள். அதனால்தான் எந்த அடுக்கு, கலைந்த மண்ணா கலையாத மண்ணா என்று ஆய்வாளர்கள் அவ்வளவு பார்க்கிறார்கள். 2172 என்று ஒற்றை எண்ணாகச் சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒரு கால வரம்பு இருக்கும். ‘இதுதான் மிகப் பழையது’ என்று எழுதினால், எந்த ஆண்டு நிலவரப்படி என்றும் சேர்த்து எழுதுங்கள். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளை கி.மு. 3345 என்ற கணிப்போடு முன்னால் வந்துவிட்டது. பழைய நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துப் படித்தவர்களுக்கு இன்னும் மயிலாடும்பாறைதான் முதலிடம்.

ஜம்பைக் கல்வெட்டையும் நம் ஊர் என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி’ (அதியமான் கொடுத்த உறைவிடம்) என்கிற அந்தத் தமிழ்ப் பிராமி (தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம்) கல்வெட்டு 1981இல் கண்டறியப்பட்டது, திருக்கோவிலூர்ப் பக்கம். அசோகர் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற பழைய கேள்விக்கு அதுதான் விடை தந்தது. ஊரை மாற்றி எழுதினால் அதியமானின் கை எவ்வளவு தூரம் நீண்டிருந்தது என்கிற முக்கியமான செய்தியே காணாமல் போய்விடும்.

பல்லில் இருக்கிற பாடம்

ஃப்ளூரின் ஹாலஜன் குடும்பம், வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான். இதில் யாரும் தப்பு விடுவதில்லை. அதே வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரனின் பல்லில் இருக்கும் பழுப்புக் கறைக்கு மட்டும் ‘சரியாகப் பல் தேய்க்க மாட்டான்’ என்று காரணம் சொல்வார்கள். அவன் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிறான். அறிவியல் பாடத்தில் பதில் இருந்தும் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நம் பக்கம் நிலத்தடியில் கருங்கல் பாறைகள். அவற்றிலுள்ள சில கனிமங்களில் ஃப்ளூரைடு இருக்கிறது. தண்ணீர் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும்போது அது கரைந்து சேர்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது ஏறக்குறைய 8 வயதுக்குள், இதைவிட அதிகமாக உடம்புக்குள் போனால் எனாமல் சரியாக அமையாது. கறை பல்லின் மேலே ஒட்டியிருப்பது இல்லை, எனாமலோடு சேர்ந்தே உருவானது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

இதை வைத்து ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் தொடர்ந்து செய்கிற தவறு ஒன்று உண்டு. ஊருக்குள் போய் 35, 40 வயதுக்காரர்களின் பல்லைப் பார்த்து, ‘இவ்வூரின் குடிநீர் பாதுகாப்பற்றது’ என்று முடிவு எழுதிவிடுவார்கள். 40 வயதுக்காரரின் பல் அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடித்த தண்ணீரைத்தான் காட்டும், இன்றைய தண்ணீரை இல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2013இல். அந்தத் தண்ணீர் ஊருக்கு வந்ததால் என்ன மாறியது என்று தெரிய வேண்டுமானால், அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளின் நிலைத்த பல்லைப் பார்க்க வேண்டும். பால் பல்லையும் அதோடு சேர்த்து எண்ணக் கூடாது. அப்போதும் ‘ஒகேனக்கல் தண்ணி வருதா?’ என்று மட்டும் கேட்டால் போதாது. குடிப்பதற்கு அந்தத் தண்ணீரும் களி கிண்டுவதற்கும் பருப்பு வேக வைப்பதற்கும் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரும் எடுக்கிற வீடு இருக்கலாம். ‘சோறு எந்தத் தண்ணில வைக்கிறீங்க, குழாய் வராத அன்னைக்கு என்ன பண்ணுவீங்க’ என்று கேளுங்கள்.

காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு அப்படியே இருக்கும். ஒரு லிட்டரில் 2 மில்லிகிராம் இருந்து, கொதித்துக் கொதித்து 800 மில்லியாகச் சுண்டினால், அடர்த்தி லிட்டருக்கு 2.5 ஆகிவிடும். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

மாதிரி எடுப்பதிலும் அவசரம். ஒரே போர், ஒரே பாட்டில், ஒரே நாள், அதை வைத்து ஒன்றியத்துக்கே முடிவு. கண்ணாடி பாட்டிலில் ஃப்ளூரைடு மாதிரி எடுக்கக் கூடாது, கண்ணாடியோடு வினைபுரிய வாய்ப்பு உண்டு. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டுப் பிடியுங்கள். தேதி, போரின் ஆழம், மழைக்கு முன்னாலா பின்னாலா என்பதை அங்கேயே நின்று ரெக்கார்டில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ஞாபகத்திலிருந்து எழுதினால் எல்லாப் போரும் 500 அடியாகிவிடும். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன, ஆசிரியர் மூலமாகக் கேட்டால் வழி பிறக்கும்.

எண்களும் கேள்விகளும்

சமூக அறிவியலுக்கு வருவோம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்துக்கு 28 லட்சத்துக்கு மேல். 2011இல் 15 லட்சம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த மாணவர், பாதிச் சனம் பிழைப்புக்குப் பெங்களூர் போய்விட்டது என்று இரண்டு பக்கம் எழுதிவிடுவார். இடையில் 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது என்பதை மறந்ததால் வந்த வினை. இன்னும் பின்னால் போனால் 1961 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டமே இல்லை, சேலத்துக்குள் இருந்தது, 1965இல்தான் பிரிந்தது. எழுத்தறிவு வீதமும் அப்படித்தான். 2011இல் தருமபுரி 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. ஆனால் அது மொத்த மக்கள்தொகையில் கணக்கிட்டது இல்லை, 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் கணக்கிட்டது. மொத்தத்தில் பெருக்கி ‘இத்தனை லட்சம் பேர் படித்தவர்கள்’ என்று எழுதினால் விடை தப்பு.

குழந்தைத் திருமணம் பற்றிய கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். ‘அறியாமையே காரணம், விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று எல்லாம் ஒரே அச்சு. மேல்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அப்பா அம்மா வெளியூர் வேலைக்குப் போனால் பெண் யார் வீட்டில் இருக்கிறாள், வயது ஏறினால் கேட்கிற நகை ஏறுமா என்றெல்லாம் யோசிக்காமல் ஒரு தாயை அறியாதவர் என்று சொல்லிவிட நமக்கு என்ன உரிமை?

சர்வேக்குப் போகிறவர்கள் ‘உங்கள் வீட்டில் குழந்தைத் திருமணம் நடந்ததா?’ என்று கேட்கிறார்கள். சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது அந்த வீட்டுக்கும் தெரியும். யார் ஆமாம் என்பார்கள்? ‘இந்த ஊருக்கு வாக்கப்பட்டு எத்தனை வருசம் ஆச்சு, இப்ப உங்களுக்கு என்ன வயசுங்க அக்கா’ என்று கேட்டால் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதையும் மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்காதீர்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். பெயர் எழுத வேண்டாம், வீட்டைப் போட்டோ எடுக்க வேண்டாம். இப்போதே ஒரு பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் அது ப்ராஜெக்ட் விஷயம் இல்லை, ஆசிரியரிடம் சொல்லுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கா, கன்னடமா, உருதுவா என்று கேட்டுக்கொண்டு, அந்த மொழி தெரிந்த நண்பரைக் கூட்டிப்போங்கள். ‘தங்கள் வாழ்வாதாரம் யாது?’ என்பது தமிழ் பேசுகிறவருக்கே புரியாது.

கடைசியாக, செய்தித்தாள் நறுக்கு. ஒரு நாள் செய்தியை வெட்டி ஒட்டி ‘சமூகப் பிரச்சினை’ என்று தலைப்புப் போடுகிற பழக்கம் ரொம்பப் பரவியிருக்கிறது. அரூர்ப் பக்கம் வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தார்கள். கிராமத்தார் சொன்ன கொடுமைகளை அதிகாரத் தரப்பு அப்போது மறுத்தது. அன்றைய அதிகாரிகளின் பேச்சை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தால் அந்த ஊர் கடத்தல்காரர்களின் ஊர், அவ்வளவுதான். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 1995இல் வழக்கு சிபிஐக்குப் போனது. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர் 1992, 1995, 2011, 2023 என்று நான்கு இடத்திலும் நின்று படிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் சொன்னது ஒரு பத்தி, அரசுத் தரப்பு சொன்னது ஒரு பத்தி, நீதிமன்றம் எதை ஏற்றது, ஏன் ஏற்றது என்பது தனியாக. உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது, நீளம்தான், அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்தால் முடியும். தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் நீதிபதி வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.