லோகோவை 16 பிக்சலில் இருந்து தொடங்குங்கள்

லோகோ செய்பவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரை முழுக்க அதைப் பெரிதாக வைத்துப் பார்த்து, பிடித்துப்போனதும் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் வாடிக்கையாளர் பார்க்கப்போவது போனில், உங்கள் தளத்தின் மேல்பட்டையில், சுமார் 40 பிக்சல் உயரத்தில். பிரவுசர் டேப்பில் வரும் குட்டி ஐகானோ 16 பிக்சல்தான். அந்தச் சின்ன இடத்தில் நிற்காத லோகோ இணையதளத்துக்கு உதவாது, அதனால் வேலையை அங்கிருந்தே ஆரம்பிப்பது நல்லது.

மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடனே மனதில் வருவது செக்கு, அதைச் சுற்றும் மாடு, பக்கத்தில் தேங்காய், கடலை, எள், மேலே பச்சை இலை, வட்டமாகக் கடைப் பெயர், அதற்கும் கீழே 'பாரம்பரியச் சுவை' என்று ஒரு வரி. ஃபிளெக்ஸ் பேனரில் இது எடுபடும். 40 பிக்சலுக்குச் சுருக்கினால் பழுப்பும் பச்சையுமாக ஒரு கறைதான் மிஞ்சும், போதாக்குறைக்கு அடுத்த தெரு செக்கெண்ணெய்க் கடையும் இதையேதான் போட்டிருக்கும். நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்பதைத் தளத்தில் இருக்கும் படங்களே சொல்லிவிடும். லோகோவின் வேலை உங்களை அடையாளம் காட்டுவது. ஆப்பிள் சின்னத்தை 1977இல் வரைந்த ராப் ஜனாஃப் அதில் ஒரு கடி வைத்ததற்குச் சொன்ன காரணமும் இந்த அளவு விஷயம்தான்: சின்னதாகத் தெரியும்போது அதை யாரும் செர்ரிப் பழம் என்று நினைத்துவிடக் கூடாது.

கம்ப்யூட்டரைத் திறக்காமல், தாளில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டங்கள் போட்டு, கறுப்புப் பேனாவால் மட்டும் வரையுங்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரே உருவம். உரலும் உலக்கையும் இரண்டு தடித்த கோடுகளாக வரலாம், கடைப் பெயரின் முதல் எழுத்து மட்டும் நிற்கலாம். கறுப்பு வெள்ளையில் பிடிபடாத வடிவத்தை நிறம் காப்பாற்றாது.

தமிழில் பெயர் எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும். ணி, கீ போன்றவற்றில் வளைவு மேலே ஏறும், கு, மூ போன்றவை கீழே இறங்கும், ஆகவே அதே 40 பிக்சலுக்குள் எழுத்தின் உடல் சுருங்கிவிடும். ண, ஞ, ழ மாதிரி சுழி உள்ள எழுத்துகளைச் சிறிய அளவில் அலங்கார எழுத்துருவில் போட்டால் சுழி அடைத்துக்கொண்டு வெறும் பொட்டாகத் தெரியும். சுழிக்குள் வெள்ளை இடம் தாராளமாக இருக்கும் எழுத்துருவாகப் பாருங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி எல்லாம் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். இன்னொன்று, இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொ, கெ எல்லாம் உடைந்து கொம்பு இடம் மாறி நிற்கும். டிசைனருக்குத் தமிழ் தெரியாது என்றால் ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே சரிபாருங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒரே லோகோவில் திணிக்க வேண்டாம், தனித்தனியாக இரண்டு வடிவம் செய்துகொள்ளலாம்.

நிறம் ஒன்று அல்லது இரண்டு போதும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் மஞ்சள் கண்ணுக்கே தெரியாது, எண்ணெய்க் கடைக்காரர்கள் கட்டாயம் அந்த மஞ்சளைத்தான் கேட்பார்கள்! கருமையான பின்னணிக்கு வெள்ளை வடிவம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்புகளைப் பொறுத்தவரை தளத்துக்கு, படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகச் சேமிக்கும் எஸ்விஜி சிறந்தது, எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதறாது. ஆனால் எழுத்துகளை முன்பே பாதையாக, அதாவது வரைந்த வடிவமாக, மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த எழுத்துரு இல்லாதவர் திரையில் வேறு எழுத்து வந்து நிற்கும். அப்புறம் பின்னணி இல்லாத பிஎன்ஜி, டேப்புக்கு 32 மற்றும் 16 பிக்சல், ஐபோன் முகப்புத் திரைக்கு 180 பிக்சல். ஜேபிஜி வேண்டாம், நிறமுள்ள பட்டையில் வெள்ளைச் சதுரத்தோடு உட்காரும். வாட்ஸ்அப் புரொஃபைல் படத்தை வட்டமாக வெட்டும் என்பதால் மூலைகளில் எதையும் வைக்காதீர்கள்.

கேன்வா போன்ற டிசைன் தளங்களில் கிடைக்கும் ரெடிமேட் படத்தை லோகோவாக வைக்கவே வேண்டாம் என்பேன். அதே படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், உங்களுக்கு மட்டும் என்று டிரேட்மார்க் கேட்பது கடினம். டிசைனரிடம் கொடுத்துச் செய்தால், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், உரிமையை உங்களுக்கு மாற்றித் தரும் கையெழுத்திட்ட கடிதத்தையும் வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். இறுதி செய்வதற்கு முன் டிரேட்மார்க் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில், சமையல் எண்ணெய் வரும் 29ஆம் வகுப்பில், அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. விண்ணப்பித்த நிலையில் டிஎம் குறி போடலாம், வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு கிடைத்த பிறகுதான், முன்பே போட்டால் அது சட்டப்படி குற்றம்.

தளத்தில் ஏற்றும்போது லோகோவைத் தொட்டால் முகப்புப் பக்கம் வரும்படி இணைப்புக் கொடுங்கள், படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரையில் கடைப் பெயரை எழுதுங்கள், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு அதுதான் உங்கள் லோகோ.