எட்டுக்கால் பூச்சியை விடுங்கள், ஒட்டடையை அடியுங்கள்

ராத்திரி பதினொரு மணிக்கு பாத்ரூம் லைட்டைப் போட்டால் எதிர்ச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று காலை விரித்துக்கொண்டு அசையாமல் ஒட்டியிருக்கும். பழுப்பு நிறம், தட்டையான உடம்பு, நண்டுக்கு இருப்பது போல இரண்டு பக்கமும் நீண்ட கால்கள். உடனே கை விளக்குமாற்றைத் தேடும். வேண்டாம். அது வலை கட்டிக் காத்திருக்கிற ரகம் இல்லை, ஓடிப் பிடிக்கிற ரகம், உங்கள் பாத்ரூமுக்கு அது வந்ததே பெரும்பாலும் கரப்பானுக்காகத்தான். ஒருநாள் அது கரப்பானைக் கவ்விக்கொண்டு கீசருக்குப் பின்னால் போவதைப் பார்த்த பிறகு எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

வயிற்றுக்கடியில் வெள்ளையாக, ரூபாய்க் காசு போலத் தட்டையாக எதையாவது அணைத்துக்கொண்டிருந்தால் அது முட்டைப் பை, உள்ளே நூறுக்கு மேல் முட்டை இருக்கும். பொரிக்கிற நேரத்தில் விளக்குமாற்றால் ஓங்கி ஒரு போடு போட்டால் அப்புறம் வீடெல்லாம் குட்டிதான்.

வெளியேற்றியே ஆக வேண்டும் என்றால் ஸ்வீட் கடையில் தரும் அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றும் போதும். டம்ளர் பத்தாது, கால் விளிம்பில் மாட்டி ஒடிந்துவிடும். டப்பாவைச் சுவரோடு மெதுவாகக் கவிழ்த்து வையுங்கள், வேகமாகப் போனால் காற்று அசைவிலேயே ஓடிவிடும். பத்திரிகை அட்டையை ஒரு பக்கத்திலிருந்து சுவரை ஒட்டியே நுழையுங்கள். கால் தானாக அட்டை மேல் ஏறிக்கொள்ளும். காலண்டர் அட்டை தடிமன், நுழையும்போது நசுக்கும். அப்படியே கொண்டுபோய்க் கொல்லைப்புறத்திலோ காம்பவுண்டுச் சுவர் மேலோ விட்டுவிடுங்கள்.

மற்றவர்கள் எல்லாம் சின்ன ஆட்கள். ஜன்னல் கம்பியில் தத்தித் தத்திப் போய், விரலை நீட்டினால் திரும்பி நம்மையே பார்க்கும் குட்டி, ஈ பிடிக்கிறது. அதைத் தொந்தரவே செய்யாதீர்கள். சுவரில் மிளகு அளவு வெள்ளைப் புள்ளியாக, சுற்றிலும் நாலைந்து நூல் இழுத்து ஒட்டின மாதிரி இருப்பதும் ஒரு குட்டிச் சிலந்தியின் வீடுதான், அது எறும்பு தின்னும். சிமென்ட் நிறத்தில் பூசணி விதை போலத் தொங்கி, இரண்டு முனையிலும் தலை நீட்டி நகருமே, அது மட்டும் சிலந்தியே இல்லை. ஒரு அந்துப்பூச்சியின் புழு. அதுக்குச் சாப்பாடு பழைய ஒட்டடையும் உதிர்ந்த முடியும். அது நிறையத் தெரிந்தால் ஒட்டடை அடித்து நாளாச்சு என்று அர்த்தம்.

ஒட்டடைக்குப் பொறுப்பு யார் என்றால், மூலையில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் கிடுகிடுவென்று தன்னையே ஆட்டிக்கொள்ளுமே, நூல் மாதிரி கால்கள் வைத்த அந்த ஆள்தான். கொசுவும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு இடத்தில் பூச்சி கிடைக்கவில்லை என்றால் வலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த மூலைக்குக் குடிபோய்விடும். விட்டுப்போன வலையில் தூசியும் சமையல் புகையும் ஏறிக் கறுப்புக் கயிறாகத் தொங்குவதைத்தான் நாம் ஒட்டடை என்கிறோம்.

அதை அடிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, வெள்ளையடித்த சுவரில் கறுப்புக் கோடு இழுத்துவிட்டு ஹவுஸ் ஓனரிடம் பேச்சு வாங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஒட்டடைக் கம்பைச் சுவரில் வைத்து இழுக்கக் கூடாது. பிரஷ்ஷை வலைக்குள் விட்டுக் கம்பைக் கையிலேயே உருட்டுங்கள், இடியாப்பத்தை முள்கரண்டியில் சுற்றுகிற மாதிரி. வலை பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு வந்துவிடும், சுவரில் அழுக்கு ஒட்டாது. பிரஷ் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியைக் கம்பில் கட்டி அடிப்பவர்கள் இருக்கிறார்கள், டிஸ்டம்பர் சுவரில் அது சாம்பல் தீற்றலாகப் படிந்து அப்புறம் பெயின்ட் அடித்தால்தான் போகும். சமையலறையில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும், அங்கே முதலில் காய்ந்த பிரஷ், பிறகு டைல்ஸ் வரைக்கும் சோப்புத் தண்ணீர்.

ஃபேனை நிறுத்துங்கள், மெத்தை மேல் பழைய வேட்டியை விரியுங்கள், மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி உருவினால் தூசி உறைக்குள்ளேயே விழும். மேலிருந்து கீழே, உள் அறையிலிருந்து வாசலை நோக்கி, வீடு பெருக்குவதற்கு முன்னால். கண்ணுக்கு எதிரே இருக்கும் மூலைகளை எல்லோரும் அடித்துவிடுகிறோம். விட்டுப்போவது சாமி படங்களுக்குப் பின்புறம், டியூப்லைட் பட்டிக்கு மேல், சிலிண்டருக்குப் பின்னால், கரண்ட் மீட்டர் பெட்டியைச் சுற்றி, பரணில் அடுக்கிய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில். மீட்டர், டியூப்லைட் பக்கம் போகும்போது மெயினை அணைத்துவிட்டு, காய்ந்த மரக்கம்போடு போங்கள், ஸ்டீல் கம்பு வேண்டாம். செவ்வாய் வெள்ளியில் அடிக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமையே அடித்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. போகிக்கு ஒரு தடவை என்பது போதவே போதாது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை அடித்தால் அரை மணி நேர வேலை.

திருவானைக்கா கதையில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் இருக்கச் சிலந்தி பின்னிய பந்தலை யானை தினமும் கலைத்தது, சிலந்தியும் விடாமல் பின்னியது. நம் வீட்டு மூலையிலும் அதே கதைதான். தீனி இருக்கிற வரைக்கும் வலையும் இருக்கும், அதனால் தீனியில் கை வையுங்கள். வாசலில் ராத்திரி முழுக்க எரியும் வெள்ளை எல்இடி பல்புக்குத்தான் அந்தத் தெருவில் இருக்கும் பூச்சியெல்லாம் வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். அதை மஞ்சள் வெளிச்ச பல்பாக மாற்றினாலே பூச்சி நன்றாகக் குறையும், தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. பாத்ரூம் ஜாலிக்கு மூடி, ஜன்னலுக்குக் கொசுவலை, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டி. கரப்பான் குறைந்தால் பெரிய சிலந்தியும் தானாகக் குறையும்.

ஸ்பிரே? நேராக மேலே பட்டால் சாகும், அவ்வளவுதான். சுவரில் அடித்து வைத்த மருந்து கரப்பான் அளவுக்குச் சிலந்தியைப் பாதிப்பதில்லை, அது கால் நுனியில் நடக்கிற பிராணி, உடம்பு சுவரில் உரசுவதில்லை. எலுமிச்சை, வினிகர், புதினா எண்ணெய் எல்லாம் நானும் செய்து பார்த்தேன். வீடு மணந்தது.

இனி முக்கியமான விஷயம். "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருச்சு" என்று சொல்லிக் காட்டும் கொப்புளங்களுக்கும் சிலந்திக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. மழைக்காலத்தில் லைட்டைத் தேடிவரும், எறும்பு போல ஒல்லியாகக் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு வண்டு உண்டு. கழுத்தில் ஊரும்போது தெரியாமல் நசுக்கிவிட்டால் அதன் உடம்பு நீர் பட்ட இடம் மறுநாள் தீக்காயம் போலக் கோடாகச் சிவந்து கொப்பளிக்கும். நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்காதீர்கள். உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக, எரிச்சலும் வலியுமாக வந்தால் அது அக்கி, சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்புக்குள்ளேயே தங்கியிருந்து திரும்ப எழுவது. காவி எழுத ஓடுவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். அதற்கான மாத்திரையை மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும்.

டாய்லெட் சீட்டுக்கு அடியில் கொலைகாரச் சிலந்தி என்று வாட்ஸப்பில் வருவது 1999-ல் இமெயிலில் கிளம்பிய புரளி. அதற்கு அப்புறம் சேர்த்துக்கொண்ட சிலந்தியின் பெயர், ஒரு பாவப்பட்ட குதிக்கும் சிலந்தியுடையது.

பயப்பட வேண்டியது இரண்டே பேருக்கு. தோப்பு ஓரத்து ஓட்டு வீடுகளில் எப்போதாவது வரும் உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி கடித்தால் வலியோடு தசைப்பிடிப்பும் வரும், டப்பா வித்தைகூட அதனிடம் வேண்டாம், விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று, வெளியே கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, பூந்தொட்டி விளிம்புகளுக்கு அடியில் இருக்கும் பழுப்புச் சிலந்தி. வயிற்றின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் உடுக்கை வடிவம், பக்கத்திலேயே முள்முள்ளாகப் பஞ்சு உருண்டை போன்ற முட்டைப் பை. அதை வெறும் கையால் தொடாதீர்கள், நீளக் குச்சியால் எடுங்கள். எது கடித்திருந்தாலும் சோப்பால் கழுவி ஐஸ் வையுங்கள். காய்ச்சல், தசைப்பிடிப்பு, மூச்சுத் திணறல், பரவும் சிவப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போன மாதம் பழைய ஸ்விட்ச் ஓட்டையில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. குளவி கூடு கட்டினால் வீட்டில் நல்ல சேதி வரும் என்று அம்மா உடைக்க விடவில்லை. குளவி பறந்துபோன பிறகு நான் தட்டிப் பார்த்தேன், அறை அறையாகச் சிலந்திகளின் காலும் ஓடும் உதிர்ந்தன. குஞ்சுக்காகப் பிடித்து, கொட்டி மயக்கி, உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. ஓட்டையை வெள்ளை சிமென்ட் வைத்து மூடிவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.