தெருமுனைக் குப்பைமேட்டை அகற்றி, அது மீண்டும் சேராமல் காப்பது எப்படி?

தமிழகத்தின் எந்த நகரத்திலும் குப்பைமேடு சேரும் இடங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை: டிரான்ஸ்பார்மரின் அடி, காலி மனையின் மதிற்சுவர் ஓரம், முன்பு மாநகராட்சித் தொட்டி இருந்த மூலை. வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் முறை வந்த பிறகு பல தெருக்களில் தொட்டிகள் எடுக்கப்பட்டுவிட்டன. ஆனால் தொட்டி இருந்த இடத்தில் பையை வீசிவிட்டுப் போகும் பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அத்தகைய இடத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் கூடிச் சுத்தம் செய்வதும், அடுத்த சில நாள்களிலேயே அது பழைய நிலைக்குத் திரும்புவதும், கூடியவர்கள் மனம் சோர்ந்து விலகுவதும் பல ஊர்களில் நடக்கிறது. குப்பையை அள்ளுவது ஒரு காலைப்பொழுது வேலை. அடுத்த பை அங்கே வந்து விழாமல் பார்த்துக்கொள்வதே உண்மையான வேலை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு திட்டமிட வேண்டும்.

எனவே துடைப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன், ஒரு வாரம் அந்த இடத்தைக் கவனியுங்கள். யாரையும் பிடிப்பதற்காக அல்ல, எந்த நேரத்தில் என்ன வந்து விழுகிறது என்பதை அறிவதற்காக. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புவோர் வண்டியை நிறுத்தாமலே வீசும் முடிச்சுப் போட்ட பைகள் ஒரு வகை. இரவில் கடை அடைத்த பின் வந்து கொட்டப்படும் தேநீர்க் குவளைகளும் காய்கறிக் கழிவும் இன்னொரு வகை. நாய் கிழித்துப்போட்ட ஒரு பையைக் கூர்ந்து பார்த்தாலே பல செய்திகள் தெரியும்: முந்தைய நாள் சோறு, பால் பாக்கெட், குழந்தையின் டயப்பர், சாமிப் படத்திலிருந்து எடுத்த வாடிய மாலை எல்லாம் ஒன்றாகக் கிடந்தால், அது குப்பையைப் பிரித்து வைக்காத, சேகரிப்பு வண்டிக்குக் கொடுக்க முடியாத ஒரு வீட்டிலிருந்து வந்தது. தேங்காய் மட்டையும் கோழி இறகும் கிடந்தால் அது கடையின் சிக்கல், அதற்குத் தீர்வும் வேறு.

அடுத்து, உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் பேசுங்கள். அந்த மேட்டைப் பற்றி அவரைவிட அதிகம் அறிந்தவர் யாரும் இல்லை. பேட்டரி வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வீடுகள் கொடுப்பதில்லை, எந்தச் சந்துக்குள் வண்டி நுழைய முடியவில்லை என்பதையெல்லாம் அவர் சொல்லிவிடுவார். பெரும்பாலான இடங்களில் சிக்கலின் வேர் இந்த நேரப் பொருத்தமின்மையில்தான் இருக்கிறது. ஏழு மணிக்கே கணவன் மனைவி இருவரும் வேலைக்குக் கிளம்பிவிடும் வீட்டுக்கு எட்டரை மணி வண்டியால் பயன் இல்லை. அத்தகைய வீடுகளைக் கண்டறிந்து, பக்கத்து வீட்டுத் திண்ணையில் மூடியுள்ள இரண்டு வாளிகளை வைத்து அவர்கள் சார்பில் கொடுக்க ஏற்பாடு செய்வது, நூறு அறிவிப்புப் பலகைகளைவிட அதிகம் பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த விவரங்கள் கையில் இருந்தால் மனு எழுதுவது எளிது. 'எங்கள் தெரு அசுத்தமாக உள்ளது' என்று பொதுவாக எழுதாமல், இடத்தின் அடையாளம், குப்பை விழும் நேரம், வண்டி வராத சந்து, நீங்கள் கேட்கும் மாற்றம், நீங்கள் செய்யவிருக்கும் வேலை ஆகியவற்றைப் புகைப்படத்துடன் ஒரே பக்கத்தில் எழுதி, உங்கள் பகுதியின் துப்புரவு ஆய்வாளரிடமும் வார்டு கவுன்சிலரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். சென்னையில் 1913 என்ற எண்ணிலும், மாநிலத்தின் எப்பகுதியிலிருந்தும் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் புகாரைப் பதியலாம். பதிவு எண்ணைக் குறித்து வைப்பது அவசியம். அதற்கும் அசைவு இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இருக்கிறது. ஊராட்சிகளில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாள்களில் கூடும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.

சுத்தம் செய்யும் நாளை ஆய்வாளருடன் பேசி முடிவு செய்யுங்கள். அள்ளிய குப்பையை ஏற்றிச் செல்ல வண்டி அன்றே வரும் என்ற உறுதி கிடைக்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம், ஏனெனில் மூட்டை கட்டி ஓரமாக வைத்த குப்பை, புதிய குப்பையை அழைக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் காலணி, தடித்த கையுறை, முகக்கவசம், மண்வெட்டி, வாருகோல், கூடை, தார்ப்பாய் ஆகியவை போதும். நெடுநாள் கிடந்த மேட்டில் கையை விடுவதற்கு முன் நீண்ட கோலால் கிளறிப் பார்க்க வேண்டும். பாம்பும் தேளும் ஈரமான அடியில்தான் தங்கும். ஊசி, பிளேடு, உடைந்த டியூப்லைட், கண்ணாடிச் சில்லு ஆகியவற்றைப் பையில் போடாமல், வாய் அகன்ற கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, மேலே எழுதி ஒட்டிப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். சிறுவர்களை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது; அவர்கள் அறிவிப்பு எழுதட்டும், கோலம் போடட்டும். மேட்டை ஒட்டிய சாக்கடை அடைத்திருந்தால், அதற்குள் இறங்க எவரையும் கேட்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் மனிதரை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்விப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அடைப்பை எந்திரத்தால் எடுக்கும்படி அலுவலகத்திடமே கேட்க வேண்டும்.

தேங்காய்ச் சிரட்டை, டயர், பிளாஸ்டிக் குவளை ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் தேவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இவற்றில் தேங்கும் நல்ல நீரின் விளிம்பை ஒட்டி முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு இருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே நீரைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே போட்டுவைப்பது போதாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே அவற்றை இடத்தைவிட்டு அகற்றிவிட வேண்டும்.

எஞ்சிய சருகையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் எரியும் புகை நச்சு நிறைந்தது. மேலும், 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையைத் தெருவிலும் பொது இடத்திலும் வீசுவதையும் எரிப்பதையும் புதைப்பதையும் தடுத்தன. அள்ளி முடித்த தரையில் சுண்ணாம்பு கலந்த பிளீச்சிங் பவுடரைத் தூவலாம். ஆனால் அத்துடன் ஆசிட்டைச் சேர்த்துவிடக் கூடாது, நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

அன்று மாலையே அந்த இடத்துக்கு ஒரு பயன்பாடு கிடைக்க வேண்டும். வெறுமையாகவும் இருட்டாகவும் கிடக்கும் மூலையில்தான் முதல் பை விழுகிறது. எரியாத தெருவிளக்கை மாற்றச் சொல்லிக் கேட்பது, காலையில் நீர் தெளித்துக் கோலமிடுவது, இரண்டு பேர் அமரும் கல்பலகை அமைப்பது, கூண்டு கட்டி வேம்போ புங்கனோ நடுவது ஆகியவை பலன் தருபவை. சாமிப் படம் பதித்த ஓடுகளைச் சுவரில் ஒட்டும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பை நான்கடி தள்ளி விழுமே தவிர, பழக்கம் மாறாது.

முதல் மூன்று வாரங்கள், குப்பை விழும் அதே நேரங்களில் தெருவாசிகள் முறை வைத்து அங்கே நிற்க வேண்டும். பையுடன் வருபவரிடம் குரலை உயர்த்தாமல், "அண்ணே, வண்டி ஏழரைக்கு வருது, அதுலயே குடுத்துடலாமே, நீங்க இல்லைன்னா எங்க வீட்டு வாசல்ல வச்சிட்டுப் போங்க, நாங்க குடுத்துடுறோம்" என்று சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். அவருடைய படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு அவமானப்படுத்தினால், அவர் பகலுக்குப் பதில் நள்ளிரவில் வருவார். 'வரி கட்டுகிறோமே, மாநகராட்சி பார்த்துக்கொள்ளட்டும்' என்பவரிடம், வண்டி அனுப்புவது அவர்கள் கடமை என்பதை ஒப்புக்கொண்டே, சுற்றுச்சூழலைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே சொல்லி வருவதையும் எடுத்துக்கூறலாம். வீட்டில் மக்கும் குப்பைக்கு ஒரு வாளி, மக்காததற்கு ஒரு வாளி. நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றி அடையாளமிட்டுத் தனியாகக் கொடுப்பது, அதைக் கையால் பிரிக்கும் பணியாளருக்கு நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

கடைக்காரர்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் பூச்சுள்ள குவளை போன்றவை 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டுள்ளன என்பது அவர்களுக்குத் தெரியும். எவர்சில்வர் டம்ளருக்கு மாறினால் தேநீர்க் கடையின் குப்பையே பெருமளவு குறையும். கோயில் அன்னதானம், காதுகுத்து போன்ற விசேஷங்களுக்கு முன்பே ஏற்பாட்டாளர்களிடம் பேசி, இலைக்குத் தனிக் கூடை வைக்கச் சொல்லுங்கள். உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை மூன்று வேலைநாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் 2016 விதிகள் வகுத்தன.

கட்டட இடிபாடு ஒரு வண்டி வந்து விழுந்தால், அன்றே வண்டி எண்ணுடன் புகார் செய்யுங்கள். செங்கல் துண்டுகள் ஒரு வாரம் கிடந்தால் அதன்மேல் மற்றக் குப்பையும் சேர்ந்துவிடும்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்களையும் மறக்கக் கூடாது. அவர்களுக்கு வண்டி வரும் நேரம் தெரியாது. மூலையில் முன்பு குப்பை கிடந்ததும், அதை எவ்வளவு பாடுபட்டு அகற்றினோம் என்பதும் தெரியாது. வீட்டு உரிமையாளர்கள் சாவியைக் கொடுக்கும் அன்றே வண்டி வரும் நேரத்தையும் இரண்டு வாளி முறையையும் சொல்லி, பணியாளரையும் அறிமுகப்படுத்திவிட வேண்டும்.