ஸ்டாக் பாலி: ஹைலேண்ட்ஸின் ஒரு சிறிய கரடுமுரடான மலையில் ஏறும் முறை

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதிக்கு மலையேறச் செல்பவர்கள் பெரும்பாலும் உயரத்தைப் பார்த்தே மலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் (1345 மீட்டர்) முதலில் நினைவுக்கு வரும்; அடுத்து, சர் ஹியூ மன்றோ 1891இல் வெளியிட்ட பட்டியலின் பெயரால் 'மன்றோ' என்றே வழங்கப்படும், 3000 அடிக்கு மேற்பட்ட 282 மலைகள் வரும். 612 மீட்டர் உயரமே உள்ள ஸ்டாக் பாலிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆனால் கோடைக்காலத்தில் பென் நெவிஸின் உச்சிக்கு வழக்கமான பாதையில் கால்நடையாகவே போய்விடலாம். ஸ்டாக் பாலியின் உச்சியைத் தொட வேண்டுமானால் பாறையில் கை பதித்து ஏறத் தெரிந்திருக்க வேண்டும். உயரத்தை வைத்து இந்த மலையை எடைபோட்டு, சாதாரணக் காலணியும் மெல்லிய மேல்சட்டையுமாகப் புறப்படுவதுதான் இங்கே பலர் செய்யும் தவறு.

இந்த மலை ஹைலேண்ட்ஸின் வடமேற்கு ஓரத்தில், உல்லாபூல் என்ற துறைமுக ஊருக்கு வடக்கே இருக்கிறது. அடியில் கிடக்கும் லூவிசியன் நைஸ் பாறை பிரிட்டனின் மிகப் பழைய பாறை. அதன் சில பகுதிகளுக்கு ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயது. அதன் மேல், 100 கோடி ஆண்டு அளவில் பழையதான டொரிடோனியன் மணற்பாறை அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. பனியாறுகள் சுற்றிலும் இருந்த பாறையை அரித்துச் சென்றுவிட, எஞ்சி நிற்கும் துண்டுகளே ஸ்டாக் பாலி, கூல் பெக், கூல் மோர், சூல்வென் ஆகிய தனித்தனி மலைகள். பாறை இடுக்குகளில் புகுந்த நீர் உறைந்து விரிந்து, மீண்டும் உருகி, ஸ்டாக் பாலியின் முகட்டைக் கூர்முனைகளாகவும் பிளவுகளாகவும் பிளந்துவிட்டது. முகட்டிலிருந்து உதிர்ந்த கற்கள் சரிவு முழுவதும் பரவிக் கிடக்கின்றன. மலை ஏன் இவ்வளவு கரடுமுரடாக இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். எந்தக் கல்லையும் சோதிக்காமல் நம்பக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: மூன்று மைல் நடைக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஸ்டாக் பாலியைச் சுற்றிவரும் பாதை ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர், ஏற்றம் 500 மீட்டருக்குச் சற்று மேல். ஆகவே விதிப்படி இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஓய்வெடுப்பதையோ, பாறையில் கையூன்றி ஏறுவதையோ, நனைந்த கற்களில் நிதானமாக இறங்குவதையோ அந்த விதி கணக்கில் கொள்வதில்லை. முகட்டில் செலவிடும் நேரத்தையும் சேர்த்து மூன்று முதல் நான்கு மணி நேரம் ஒதுக்குவதே சரி. குழந்தைகளுடனோ மலைநடைக்குப் புதியவர்களுடனோ சென்றால் அதற்கு மேலும் ஒதுக்க வேண்டும்.

முதல் முறை செல்பவர்களுக்கு மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்கள் பொருத்தமானவை. ஜூன் நடுவில் இந்த வட அட்சத்தில் சூரியன் ஏறத்தாழ 18 மணி நேரம் வானில் இருக்கும். டிசம்பரில் அது ஆறரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். பனிக்காலத்தில் முகடு உறைந்திருக்கும்போது ஐஸ் கோடரியும், பூட்ஸின் அடியில் மாட்டும் கூர்முனைச் சட்டங்களான கிராம்பன்களும், அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பதால், அந்தப் பருவத்தை இந்த வழிகாட்டியில் சேர்க்கவில்லை.

கோடைக்கும் அதற்கே உரிய தொல்லை உண்டு. 'மிட்ஜ்' எனப்படும், கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு கடிபூச்சிகள், காற்று அசையாத ஈரமான காலையிலும் மாலையிலும் கூட்டம் கூட்டமாக வரும். காற்று சற்று வீசினாலே அவற்றால் பறக்க முடியாது. ஆகையால் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று காலணி மாட்டும் நேரத்திலும் இறங்கி வந்த பிறகும்தான் அவை அதிகம் கடிக்கும். முகட்டில் அவ்வளவு இருக்காது. தலையை மூடும் மெல்லிய வலை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.

வானிலை அறிக்கையில் மழையைவிடக் காற்றின் வேகத்தையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மழையில் நனைந்தால் அசௌகரியம். முகட்டில் பலத்த காற்று திடீரென்று தள்ளினால் அது உயிருக்கே ஆபத்து. மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் என்ற அமைப்பு, வடமேற்கு ஹைலேண்ட்ஸுக்கென்று தனியாக, மலை உயரத்தில் காற்று எப்படி இருக்கும், மேகம் எந்த அளவுக்கு இறங்கும், உச்சியில் எவ்வளவு குளிரும் என்பதை நாள்தோறும் இலவசமாக வெளியிடுகிறது. சாதாரண வானிலைச் செயலி உல்லாபூல் ஊரின் நிலையைத்தான் காட்டும்; மலைக்கு அதை நம்பக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டிய காற்று அறிவிக்கப்பட்டிருந்தால், முகட்டுக்கு ஏறாமல் மலையைச் சுற்றும் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உடையில் பருத்தியைத் தவிர்க்க வேண்டும். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடல் சூட்டை உறிஞ்சிவிடும். ஜூலை மாதத்திலும் நனைந்த உடலில் காற்று பட்டால் நடுக்கம் எடுக்கும். விரைவில் உலரும் செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளியாலான உள்சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத கோட்டு, நீர்புகாத மேல்காற்சட்டை, தொப்பி, கையுறை ஆகியவை வெயில் அடிக்கும் நாளிலும் பையில் இருக்க வேண்டும். அடிப்பகுதி ஆழமாக வெட்டப்பட்ட, கணுக்காலைத் தாங்கும் பூட்ஸ் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீர், தேவைக்குச் சற்று அதிகமான உணவு, தலைவிளக்கு, விசில், முதலுதவிப் பொருட்கள், திசைகாட்டி, பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 442 அல்லது லேண்ட்ரேஞ்சர் 15 வரைபடம் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். கைபேசி வரைபடம் உதவும்தான், ஆனால் குளிரில் அதன் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். மழையில் நனைந்த விரலுக்குத் திரையும் சரியாகக் கட்டுப்படாது.

உல்லாபூலிலிருந்து ஏ835 சாலையில் வடக்கே சென்று, ட்ரம்ரூனி என்ற இடத்தில் இடப்புறம் அகில்டிபூயி செல்லும் ஒற்றையடிச் சாலையில் திரும்ப வேண்டும். அந்தச் சாலையில் ஒரு வண்டிக்குத்தான் இடம் உண்டு. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஆங்காங்கே சற்று அகலமாக ஒதுக்கிய இடங்கள் இருக்கும். வண்டி நிறுத்துமிடம் நிரம்பியிருக்கிறது என்பதற்காக அந்த ஒதுக்கிடங்களில் நிறுத்திவிட்டு மலையேறுவது, அங்கு வாழும் மக்களின் ஒரே வழியை அடைப்பதற்குச் சமம். நிறுத்துமிடம் சிறியது, கோடை வார இறுதிகளில் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடந்து செல்லலாம். கதவுகளை இருந்தபடியே விட்டுச் செல்வதும், தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்வதும் அந்தப் பொறுப்பில் அடங்கும்.

லோக் லர்கன் ஏரியின் கரையை ஒட்டிய வண்டி நிறுத்துமிடத்துக்கு நேர் எதிரே, சாலையைக் கடந்தவுடன் பாதை தொடங்குகிறது. புதர்களின் ஊடே ஏறி, மான்கள் நுழையாதபடி அமைத்த வேலியின் கதவைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வலப்புறக் கிளையில் செல்ல வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் முகடு நேர் மேலே, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றும்; தெற்குச் சரிவில் நேராக ஏறிவிடலாம் என்ற ஆசையும் வரும். முன்பு அப்படித்தான் ஏறினார்கள். ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு அந்தச் சரிவு புண்ணாகி, மண் கரைந்து, கல்லும் சரளையுமாகச் சரியத் தொடங்கியதால்தான் மலையைச் சுற்றிச் செல்லும் இன்றைய பாதை அமைக்கப்பட்டது. அந்த ஆறாத வடுவை மீண்டும் மிதிக்காமல் இருப்பது மலைக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. மேலிருந்து உருளும் கல் கீழே வருபவரைத் தாக்கும் ஆபத்தும் அங்கே உண்டு.

பாதையின் பெரும்பகுதியில் பெரிய கற்களை மண்ணில் ஆழமாகப் பதித்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் படிபோல் அடுக்கியிருக்கிறார்கள். படிகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று கணுக்கால் அளவு, அடுத்தது முழங்கால் அளவு. வேகமாக ஏறத் தொடங்கினால் கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கும். பக்கத்தில் வருபவருடன் தடையின்றிப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். படிகள் சிரமம் தருகின்றன என்று ஓரத்துப் புல்லில் நடக்கக் கூடாது; அடியில் இருப்பது நீர் ஊறிய கருமண். ஒருவர் மிதித்த தடத்தில் அடுத்தவரும் மிதிக்க, ஒரே பருவத்தில் அது சேற்றுக் கால்வாயாகிவிடும்.

கிழக்கு முனையைச் சுற்றியதும் காட்சி முற்றிலும் மாறுகிறது. இதுவரை பின்னால் இருந்த சாலையும் ஏரியும் மறைந்து, வடக்கே இன்வர்பாலியின் வெற்று நிலம் விரிகிறது. லோக் ஷினஸ்கைக் ஏரி எண்ணற்ற விரிகுடாக்களும் சிறு தீவுகளுமாகக் கிடக்க, அதற்கப்பால் சூல்வென் தனியாக எழுந்து நிற்கிறது. ஒரு வீடோ கம்பமோ கண்ணில் படாத இந்தக் காட்சிக்காகவே மலையைச் சுற்றும் நடை மட்டும்கூடப் போதுமானது என்பேன்.

வடபுறத்தில் சிறிது தூரம் சென்றதும் பாதை மீண்டும் பிரியும். நேராகச் செல்வது மலையைச் சுற்றும் பாதை. இடப்புறம் மேலே ஏறுவது முகட்டின் தாழ்வான நடுப்பகுதிக்குச் செல்லும் பாதை. இந்த ஏற்றம் செங்குத்தாக இருந்தாலும் தெளிவானது. முகட்டை எட்டும் கணத்தில், அதுவரை மலை மறைத்திருந்த தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும். அதற்குச் சற்றுக் கீழே, காற்றுப்படாத இடத்திலேயே நின்று கோட்டை மாட்டிக்கொள்வது நல்லது.

முகட்டில் இரண்டு முடிவுகளில் ஒன்றை எடுக்க வேண்டும். வடக்கிலிருந்து ஏறி வந்தவருக்கு இடப்புறம் கிழக்கு முனை. ஓரிரு இடங்களில் கையூன்ற வேண்டியிருந்தாலும், தலைசுற்றல் இல்லாதவர்கள் நிதானமாகச் சென்று வரலாம். வலப்புறம் மேற்கு, மலையின் உண்மையான உச்சி அங்கேதான் இருக்கிறது. அந்தத் திசையில் பாதை கூர்முனைகளுக்கு இடையே ஏறி இறங்கி, சில இடங்களில் பக்கவாட்டில் இறங்கிச் சுற்றி, உச்சிக்குச் சற்று முன் ஒரு குட்டையான பாறைச் சுவரில் முட்டி நின்றுவிடும். அதைச் சுற்றிச் செல்ல எளிய வழி கிடையாது. சுவரின் உயரம் குறைவுதான். ஆனால் இரு பக்கமும் பள்ளம். கால் பிசகினால் விழுவது அந்தச் சுவரின் உயரத்துக்கு மட்டும் அல்ல. பாறையேற்ற அனுபவம் உள்ளவர்கள் இதை எளிது என்பார்கள். சிலர் கயிறு கட்டிக்கொள்வார்கள். பெரும்பாலானவர்கள் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். ஏறிய இடத்திலேயே இறங்கவும் வேண்டும், இறங்கும்போது கால் வைக்கும் பிடிப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதல் இரண்டு அசைவுகள் ஏறிப் பார்த்து, அங்கிருந்து தயக்கமின்றி இறங்க முடிகிறதா என்று சோதிக்க வேண்டும். முடியாவிட்டால் அதற்கு மேல் போகக் கூடாது.

பாறையில் செல்லும்போது இரண்டு கால், இரண்டு கை என்ற நான்கில் மூன்று எப்போதும் பாறையில் பதிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டுமே நகர்த்த வேண்டும். நடைக்கோல்களைப் பையில் கட்டிவிட வேண்டும். ஒரு பிடிப்பில் உடல் எடையைப் போடுமுன் உள்ளங்கையால் தட்டிப் பார்க்கலாம்: உறுதியான பாறையில் சத்தம் மந்தமாக இருக்கும், பிளந்து நிற்கும் பலகையில் வெற்றொலி கேட்கும், சில நேரம் விரலுக்கு அதிர்வும் தெரியும். அத்தகைய கல்லை வெளியே இழுக்காமல் கீழ்நோக்கி அழுத்தியே பயன்படுத்த வேண்டும். கூடுமானால் தொடாமலே விடுவது மேல். உலர்ந்த மணற்பாறை சொரசொரப்பாக இருப்பதால் பூட்ஸ் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கரும்பாசி படர்ந்த பகுதி மழையில் வழுக்கும்; மழை தொடங்கிவிட்டால் மேற்கு உச்சியை அன்றைக்கு மறந்துவிட வேண்டும்.

இறங்கும்போது வந்த வழியே சுற்றுப்பாதை வரை இறங்கி, இடப்புறம் திரும்பி, மலையின் மேற்கு முனையைச் சுற்றிச் சாலைக்கு வரலாம். மேற்கே சம்மர் தீவுகளும் கடலும் தெரியும் இந்தப் பகுதியில் கவனம் சிதறுவது இயல்பு. முழங்கால்கள் களைத்திருக்கும் நேரமும் அதுதான். காட்சியைப் பார்க்க வேண்டுமானால் நின்று பார்க்க வேண்டும். நடக்கும்போது கண் காலடியில் இருக்க வேண்டும்.

எவராவது காயமடைந்து நடக்க முடியாமல் போனால் 999 அல்லது 112 என்ற எண்ணை அழைத்து, முதலில் காவல்துறையையும் பின்பு மலை மீட்புக் குழுவையும் கேட்க வேண்டும். மீட்புக்கு வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பேச முடியாத அளவுக்கு அலைவரிசை மெலிந்திருக்கும் இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேரக்கூடும். அந்தச் சேவைக்கு முன்கூட்டியே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். கைபேசி உதவாவிட்டால், ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். புறப்படுமுன் எந்த வழியில் செல்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லியிருந்தால், கீழே வந்ததும் அவருக்குத் தகவல் தர மறக்கக் கூடாது. மறந்தால் வீணாக ஒரு குழு இரவில் மலையேற நேரும். அன்று இரவே முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். உண்ணி பரப்பும் லைம் நோயைத் தொடக்கத்திலேயே கண்டால் ஆன்டிபயாட்டிக் மருந்தால் குணப்படுத்திவிடலாம்.