போட் மெயில் பாதையின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

ரயில் பாதை ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் வண்டி புறப்பட்ட நாளைத் தேடித்தான் அலைகிறார்கள். சென்னை எழும்பூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் போட் மெயிலுக்கு அந்த வழி அவ்வளவாக உதவாது. போய்ச் சேரும் நிலையத்தில் எந்தக் கப்பலும் காத்திராத ஒரு வண்டியை மக்கள் ஏன் இன்னும் போட் மெயில் என்றே அழைக்கிறார்கள் என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். அதற்கு விடை தேடிக்கொண்டே போனால், பாதையின் வரலாற்றில் பாதிக்கு மேல் கைக்கு வந்துவிடும்.

முதல் வேலையாக ஒரு பெரிய தாளை எடுத்து, வண்டி, தண்டவாளம், பாலம், கப்பல் என நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கின் ஆண்டுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் இப்பாதையைப் பற்றிய பல கட்டுரைகள் குழம்பிப்போகின்றன. எடுத்துக்காட்டாக, இலங்கைக்குச் செல்லும் பயணம் தனுஷ்கோடியில் தொடங்கியது அல்ல. மதுரையிலிருந்து தூத்துக்குடி வரையிலான பாதை 1876-இல் திறக்கப்பட்ட பின், கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் சென்று அங்கே நீராவிக் கப்பல் ஏறினார்கள். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. ரயில் நேராகத் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கப்பல் கடந்தது. அக்கரையில் கொழும்பு செல்லும் ரயில் காத்திருந்தது. ஆக, கடற்பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியதே 1914-இன் உண்மையான மாற்றம். உங்கள் தாளில் தூத்துக்குடிக்கு ஒரு வரி இல்லையென்றால் இந்த மாற்றத்தின் அளவு யாருக்கும் விளங்காது.

பாலத்தின் பத்தியை நிதானமாக நிரப்புங்கள். சொல்வதற்கு அதிகம் இருக்கும் இடம் அது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் 145 தூண்களும் கொண்ட பழைய பாலத்தின் நடுவில், ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரைத் தாங்கிய திறப்புப் பகுதி இருந்தது. கப்பல் வரும்போது தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் சுற்றச் சுற்ற, அதன் இரு இறக்கைகளும் மெல்லப் பின்னோக்கி உருண்டு மேலே எழும். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாலத்துக்கான சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிடும். இத்தகைய செய்திகளைத் தனிச் சுவைக்காகச் சேர்க்காமல், வண்டி ஏன் அவ்வளவு மெதுவாகக் கடலைக் கடந்தது என்பதற்கான காரணமாக எழுதினால் அவை வரலாற்றோடு ஒட்டி நிற்கும்.

பழைய புகைப்படங்கள் கிடைத்தால், அவற்றின் பின்புறம் எழுதியிருக்கும் ஆண்டை அப்படியே நம்ப வேண்டாம். படத்தையே சாட்சியாகக் கொள்ளுங்கள். ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் உயரமான சாலைப் பாலம் முழுமையாகத் தெரிந்தால், படம் 1988-க்குப் பிந்தையது. பாலத்தின் மேல் மீட்டர் பாதை (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட பாதை) வண்டி ஓடினால், 2007-இல் அகலப் பாதை திறக்கப்படுவதற்கு முந்தையது. திறப்புப் பகுதி இரண்டாகப் பிளந்து நின்றால் அது பழைய பாலம், 72.5 மீட்டர் நீளத் துண்டு கிடைமட்டமாகவே இரு கோபுரங்களுக்கு நடுவே மேலே ஏறியிருந்தால், அது 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலம்.

1964 புயலை எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்தபோது கடல் கொண்டுபோனது போட் மெயிலை அல்ல. அது பாம்பனிலிருந்து சென்ற 653 எண் பாசஞ்சர் வண்டி. பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இறந்தவர்களின் எண்ணிக்கையிலும் எழுதியவருக்கு எழுதியவர் வேறுபாடு உண்டு என்பதால், நூற்றுக்கும் மேற்பட்டோர் என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. அதே புயலில் பாம்பன் பாலத்தின் உத்தரங்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. திறப்புப் பகுதி மட்டும் தப்பியது. ஆறு மாதம் ஆகும் என்று கருதப்பட்ட சீரமைப்பு, அப்போது இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் முடிந்தது. ஆனால் தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவில்லை. கப்பல் இராமேசுவரத்துக்கு இடம் மாறி, 1980-களில் இலங்கையில் போர் மூண்டபோது நின்றது. வண்டியின் பத்தியில் இதன் பிறகும் வரிகள் தொடரும். கப்பலின் பத்தி அங்கே முடிந்துவிடும்.

பயணம் செய்தவர்களை இந்தப் பாதையின் வரலாற்றிலிருந்து விலக்கிவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து. அழகிய கடற்காட்சியை மட்டும் எழுதி முடிப்பவர்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் பின்பே கடல் கடந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை பற்றி இரு நாடுகளும் செய்துகொண்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் 30. தனுஷ்கோடி அழிந்தது அதற்கு இரண்டு மாதங்கூட ஆகாத நிலையில். அதனால் அந்த ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்கள் இராமேசுவரத்தில் இறங்கி, அதே மண்டபம் முகாமுக்கு எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். அவர்களில் எவரையாவது சந்திக்க வாய்த்தால், எந்த ஆண்டு வந்தீர்கள் என்று முதலில் கேட்காதீர்கள். எந்த நிலையத்தில் இறக்கினார்கள், பெட்டியில் என்ன இருந்தது, சுங்கத்தில் எதை எடுத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். ஆண்டு மறந்துபோகும், டிரங்குப் பெட்டியின் பூட்டு மறக்காது.

ஆவணங்களைத் தேடும்போது பெயர்கள்தான் முதல் தடை. இன்றைய தெற்கு ரயில்வே 1951 ஏப்ரல் 14 அன்றுதான் உருவானது. அதற்கு முந்தைய செய்திகள் தென்னிந்திய ரயில்வே என்ற பெயரில் கிடக்கும். மயிலாடுதுறையை மாயவரம் என்றும், இலங்கையை சிலோன் என்றும் தேட வேண்டும். தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் எழும்பூரிலேயே இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு வசதி. பகலில் அங்கே குறிப்பெடுத்துவிட்டு, இரவு அதே பகுதியில் போட் மெயில் ஏறிவிடலாம். பழைய கால அட்டவணை ஒன்று கிடைத்தால் நூறு பக்கக் கட்டுரையைவிட அது மேல். தனுஷ்கோடி என்ற பெயர் எந்த அட்டவணையில் கடைசியாக இருக்கிறது, எதில் காணாமல் போகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பாதையில் ஒருமுறையாவது பயணம் செய்த பின்பே எழுதத் தொடங்குங்கள். போட் மெயில் இரவு வண்டி என்பதால் வழியின் பெரும்பகுதி இருட்டிலேயே கடந்துவிடும். ஆகவே மதுரையிலிருந்து பகல் வண்டியிலும் ஒருமுறை போய்வருவது நல்லது. மண்டபம் தாண்டியதும் சன்னல் பக்கம் வந்துவிடுங்கள். புதிய பாலம் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டது.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்குச் சாலை வழியாகவே போக வேண்டும். அங்கே கூரையிழந்த தேவாலயச் சுவரையும் ரயில் நிலையக் கட்டடத்தின் எச்சங்களையும் காண்பீர்கள். சுவரில் காரை உதிர்ந்த இடங்களில் பவளக் கற்களின் துளைகள் விரலுக்குத் தட்டுப்படும். உப்புக்காற்றில் ஆண்டுக்கு ஆண்டு இவை கரைந்துகொண்டிருப்பதால், எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் தேதியையும், எந்தத் திசையைப் பார்த்து நின்று எடுத்தீர்கள் என்பதையும் அன்றிரவே குறித்துவையுங்கள்.